ஃபாக்ஸ்புரோ பில் புரோகிராமைப் பைத்தானுக்கு மாற்றுவது: கன்வெர்ட்டரா, புதிதாக எழுதுவதா?

கேள்வி: 2025 ஜனவரி 18

ஈரோட்டில் ஒரு நூல் கடை. பில், ஸ்டாக், பேரேடு மூன்றும் மைக்ரோசாஃப்டின் பழைய டேட்டாபேஸ் மொழியான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் ஓடுகின்றன. எழுதியவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. சோர்ஸ் (அவர் எழுதிய நிரல்) முழுவதும் கையில் இருக்கிறது. பைத்தான் மொழிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். வரிக்கு வரி மாற்றித்தரும் கன்வெர்ட்டரை நம்பலாமா, இல்லை பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

இரண்டும் வேண்டாம்.

புதிதாக எழுத உட்கார்ந்தால் கடைக்காரரிடம் போய் "உங்கள் பில் எப்படி வேலை செய்கிறது" என்று கேட்க வேண்டியிருக்கும். அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் அந்தப் பழைய புரோகிராம்தான். கன்வெர்ட்டர் வாக்கியத்தை மாற்றிவிடும். ஃபாக்ஸ்புரோ எழுதாமலேயே செய்துகொண்டிருந்த வேலைகளை அது மாற்றாது. அந்த மொழியின் வழக்கங்களில் பாதி சோர்ஸில் கண்ணுக்கே தெரியாது.

முதல் சுற்றில் ஒரே ஒரு இலக்கு வையுங்கள். பழையது என்ன அச்சடிக்கிறதோ அதையே புதியதும் அச்சடிக்க வேண்டும், தப்பாக இருந்தாலும். அழகு, வேகம், புதுத் திரை எல்லாம் அப்புறம்.

மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியே வேண்டாம். கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004 டிசம்பரில். மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் ஓடுகிறதே என்றால், ஆமாம், நன்றாகவே ஓடுகிறது. அதுதான் தொல்லை.

ஜனவரி 19

"எழுதாமலேயே செய்யும் வேலை" என்று சொன்னதற்கு உதாரணம் கேட்டிருக்கிறார்கள். சமக்குறியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஃபாக்ஸ்புரோவில் செட் எக்ஸாக்ட் என்று ஒரு அமைப்பு உண்டு. நீங்கள் தொடாவிட்டால் அது ஆஃப். ஆஃபில் இருக்கும்போது இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒற்றைச் சமக்குறியால் ஒப்பிட்டால், வலப்பக்கச் சரம் முடியும் இடம் வரைக்கும்தான் பார்க்கும். "ராம்குமார்" = "ராம்" என்றால் உண்மை. திருப்பிப் போட்டு "ராம்" = "ராம்குமார்" என்றால் பொய். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுப்பார்.

இதில் இன்னொன்று. வலப்பக்கம் காலியாக இருந்தால் எல்லாமே உண்மை. அந்தக் காலத்து ஆட்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். தேடும் பெட்டியில் எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் எல்லாப் பார்ட்டியும் வரிசையாக வருவார்கள். அதற்கென்று தனியாக ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். இதைப் பைத்தானின் இரட்டைச் சமக்குறியாக மாற்றினால் திரை காலி. அதே நடத்தை வேண்டுமென்றால் பைத்தானில் அதற்குச் சரியான ஜோடி ஸ்டார்ட்ஸ்வித், அதாவது ஒரு சரம் இன்னொன்றில் தொடங்குகிறதா என்று பார்ப்பது. காலிச் சரம் கொடுத்தால் அதுவும் உண்மை என்றே சொல்லும், அச்சு அசல் அதேபோல.

ஆனால் எல்லாச் சமக்குறியையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார்ட்ஸ்வித் ஆக்கிவிடாதீர்கள். எண்ணை எண்ணோடு ஒப்பிடும் இடமும் அதே குறிதான். எந்தப் பக்கம் எந்த வகைத் தரவு என்று சோர்ஸில் எழுதியிருக்காது. டேபிள் அமைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஜனவரி 20

மேலே சொல்ல விட்டது: டேபிளில் எழுத்துப் புலங்கள் (பெயர், ஊர் போன்றவற்றுக்கான இடங்கள்) நிலையான அகலம் கொண்டவை. 30 எழுத்துப் பெயர்ப் புலத்தில் "ராம்" என்று போட்டால் மிச்சம் முழுக்க வெற்றிடம், கோப்பிலும் அப்படியே. பைத்தான் நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த தயார் நிரல்கள்) படிக்கும்போதே அந்த வாலை வெட்டிவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பார்ட்டியின் குறியீட்டையும் (கோடு) தேதியையும் ஒட்டி இண்டெக்ஸ் (தேடவும் அடுக்கவும் உதவும் பட்டியல்) போட்டிருப்பார்களே, அங்கே அந்த வெற்றிடம்தான் இரண்டையும் பிரிக்கும் சுவர். வெட்டியபின் கோடு 1, கோடு 12 இரண்டும் தேதியோடு ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. இரண்டு புலத்தையும் தனித்தனியாக வைத்தே ஒப்பிடுங்கள்.

ஜனவரி 25

ரவுண்டிங். இதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

பில் தொகை 1,250.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ்புரோவின் ரவுண்ட் 1,251 தரும். பைத்தான் 3-இன் ரவுண்ட் 1,250 தரும். சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். வங்கி ரவுண்டிங் என்பார்களே, அதுதான்.

இப்போது 1,251.50 எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1,252. இங்கே பக்கத்து இரட்டை எண் மேலேயே இருக்கிறது. ஆக, ஐம்பது காசில் முடியும் பில்களிலும் பாதி ஒத்துப்போகும். நாலைந்து பில்லைப் போட்டுப் பார்த்து "சரியாக வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போவது இப்படித்தான் நடக்கிறது. மாதக் கடைசியில் கல்லாவில் சில்லறை ரூபாய்கள் இடிக்கும். ஆள் மேல் சந்தேகம் வரும்.

சட்டமும் ஃபாக்ஸ்புரோ பக்கம்தான். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு: வரித்தொகையில் 50 காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்ட வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும். இரட்டைப்படை, ஒற்றைப்படை என்ற பேச்சே கிடையாது.

என்ன செய்வது? பைத்தானின் டெசிமல் மாட்யூலை (தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பகுதி) எடுங்கள், ரவுண்ட் ஹாஃப் அப் (பாதி என்றால் மேலே) என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதை ஒரே ஒரு ஃபங்ஷனில் வைத்து எல்லா இடமும் அதைக் கூப்பிடச் செய்யுங்கள். டெசிமலுக்குள் ஃப்ளோட்டை (கணினி தோராயமாக வைக்கும் தசம எண்ணை) ஊற்றாதீர்கள். 2.675 என்று ஃப்ளோட்டாகக் கொடுத்தால் உள்ளே போவது 2.675-ஐ விடக் கொஞ்சம் குறைந்த ஒரு எண். டிபிஎஃப் கோப்பில் (ஃபாக்ஸ்புரோவின் டேபிள் கோப்பு) நியூமெரிக் புலம் எழுத்துகளாகத்தான் கிடக்கிறது, இலக்கம் இலக்கமாக. அந்த எழுத்தை அப்படியே டெசிமலுக்குக் கொடுத்தால் ஒரு காசும் சிந்தாது. நடுவில் நூலகம் ஃப்ளோட்டாக்கித் தந்தால், அந்த இடத்தில் உங்கள் சொந்தப் படிப்பானைச் செருகுங்கள்.

ஜனவரி 26

ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றலாமா என்று ஒருவர். அங்கே மேத் ரவுண்ட் 2.5-ஐ 3 ஆக்கும், சந்தோஷம். மைனஸ் 2.5-ஐ மைனஸ் 2 ஆக்கும். விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போடுவீர்கள் அல்லவா? பில்லுக்கு ஒரு ரவுண்டிங், திரும்பி வந்தால் வேறு ரவுண்டிங். வாழ்க.

பிப்ரவரி 2

சின்ன விஷயம். ஃபாக்ஸ்புரோவின் அட் என்ற ஃபங்ஷன், ஒரு சரத்துக்குள் இன்னொன்று இருக்கும் இடத்தை 1-இலிருந்து எண்ணும், இல்லாவிட்டால் 0. பைத்தானின் ஃபைண்ட் 0-இலிருந்து எண்ணும். இல்லாவிட்டால் மைனஸ் 1. "பூஜ்யத்தைவிடப் பெரிதா" என்ற பழைய நிபந்தனையை அப்படியே எடுத்துவந்தால், தேடிய சொல் முதல் எழுத்திலேயே இருக்கும் ஆட்களை மட்டும் கண்டுபிடிக்காது. மற்ற எல்லோரையும் கண்டுபிடிக்கும். இப்படி முக்கால்வாசி சரியாக இருப்பதுதான் மாட்டுவதற்கு நாளாகும்.

பிப்ரவரி 9

அழிந்த பில்கள் பற்றி.

ஃபாக்ஸ்புரோவில் டிலீட் என்றால் அழிப்பது இல்லை, குறி வைப்பது. டிபிஎஃப் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பைட்டும் இதற்கே. வெற்றிடம் இருந்தால் உயிரோடு இருக்கிறது, நட்சத்திரக்குறி இருந்தால் அழிக்கப்பட்டது. ரீகால் என்றால் திரும்பி வரும். பேக் என்றால்தான் நிஜமாகவே போகும். அந்த நட்சத்திரக்குறி உள்ளவற்றைக் காட்டுவதா மறைப்பதா என்பதை செட் டிலீட்டட் முடிவு செய்யும். அதுவும் தொடாவிட்டால் ஆஃப், அதாவது அழித்தவையும் தெரியும்.

நான் மாற்றிய ஒரு கடையில் புரோகிராம் தொடங்கும்போதே செட் டிலீட்டட் ஆன் என்று போட்டிருந்தார்கள். நல்லது. ஆனால் ஸ்டாக் அறிக்கைக்கான படிவம் மட்டும் தனி டேட்டா செஷனில் திறந்தது. தனி செஷன் என்றால் இந்த அமைப்பு மறுபடியும் ஆஃபிலிருந்து தொடங்கும். ரத்து செய்த பில் விற்பனைப் பட்டியலில் இல்லை. ஸ்டாக்கில் மட்டும் சரக்கு போனதாகக் கழிந்திருந்தது. வருஷக்கணக்காக அப்படியே.

உங்கள் இம்போர்ட் நூலகம் அழிந்த ரெக்கார்டுகளைத் தானாகவே தாண்டிப் போகும். பெரும்பாலும் அப்படித்தான். அப்போது புதிய ஸ்டாக் சரியாக வரும், பழைய ஸ்டாக்கோடு ஒத்துப்போகாது. யார் சரி என்று அன்று மாலை ஒரு சண்டை நடக்கும். அந்த நட்சத்திரத்தையும் ஒரு புலமாக எடுத்து வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 16

"தப்பையும் சேர்த்தா மாற்றுவது? அபத்தம்" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர்.

ஆமாம், சேர்த்துத்தான். காரணம் இரண்டு.

மாற்றும்போதே திருத்தினால், பழைய அறிக்கைக்கும் புதிய அறிக்கைக்கும் வரும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் இரண்டு விளக்கம் இருக்கும்: நீங்கள் திருத்தியது, அல்லது நீங்கள் கெடுத்தது. ஆயிரம் வரி அறிக்கையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எது எது என்று சொல்ல உங்களால் முடியாது. ஒன்றும் திருத்தவில்லை என்றால் வித்தியாசம் எல்லாமே உங்கள் தப்பு. விசாரணை சுலபம்.

இரண்டாவது காரணம் கணக்குப்பிள்ளை. அந்த ஸ்டாக் தப்பு அவருக்கு முன்பே தெரியும். மாதக் கடைசியில் ரத்தான பில்களைப் பென்சிலில் குறித்து, கையால் கூட்டிச் சரிசெய்து கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை; கம்ப்யூட்டர் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். நான் சொல்லாமல் திருத்தியிருந்தால் அவர் பழைய வழக்கப்படி இன்னொரு தடவை திருத்தியிருப்பார்.

சந்தேகப்படும் தப்புகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் சுற்று முடிந்து ஓட ஆரம்பித்தபின், ஒவ்வொன்றாக, அவர் பார்த்துச் சரி என்றபின் திருத்துங்கள்.

மார்ச் 15

டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் மேல் கட்டிய மைக்ரோசாஃப்ட் மொழி) செய்தி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கம்பைலரை (எழுதிய சோர்ஸைச் சரிபார்த்து மாற்றித்தரும் புரோகிராமை) கோ மொழிக்கு மாற்றுவதாக அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் மார்ச் 11 அன்று அறிவித்தார். 15 லட்சம் வரி கொண்ட விஎஸ் கோட் எடிட்டரின் சோர்ஸைச் சரிபார்க்க 77.8 நொடி எடுத்தது, புதியதில் 7.5 நொடி. எல்லோரும் அந்தப் பத்து மடங்கைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஏன் ரஸ்ட் மொழி இல்லை என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில்: பழைய சோர்ஸின் அமைப்பை ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் அப்படியே கொண்டுபோக கோ தோதாக இருக்கிறது, ரஸ்டில் தரவு அமைப்புகளையே புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும். கம்பைலர் என்பதால் பழையதில் எந்த வரியில் எந்தப் பிழைச்செய்தி வந்ததோ அதே வர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு. நூல் கடைக்கும் அதே கட்டாயம்தான், வரி மட்டும் குறைவு.

கோ மொழியே இந்த வழியாகத்தான் வந்தது. அதன் கம்பைலர் முதலில் சி-யில் இருந்தது. அதை கோ-வுக்கு மாற்ற ஒரு தானியங்கிக் கருவியை எழுதி ஓட்டினார்கள். 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பில் முழுக்க கோ. விளைவு? பில்ட் (புரோகிராமைக் கம்பைல் செய்து எடுப்பது) சுமார் இரண்டு மடங்கு மெதுவானது. தானாக மாற்றிய சோர்ஸ் கோ-வின் நடைக்கு ஒத்துவராமல் மந்தமாக ஓடுகிறது என்று அந்தப் பதிப்பின் குறிப்பிலேயே எழுதி வெளியிட்டார்கள். முதலில் சரியாக வரட்டும், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல். அடுத்தடுத்த பதிப்புகளில் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபிஷ் ஷெல் (கட்டளைகளை அடித்து ஓட்டும் புரோகிராம்) இன்னொரு வழி. சிபிளஸ்பிளஸிலிருந்து ரஸ்டுக்குப் பகுதி பகுதியாக மாற்றினார்கள். நடுவில் இரண்டும் கலந்து ஓடியது. 2023-இல் தொடங்கி, போன மாதம்தான் 4.0 வந்தது. இரண்டு வருஷம். இரண்டு மாதத்தில் முடித்துக் கொடு என்று கேட்கும் முதலாளிகளிடம் காட்டவும்.

மார்ச் 22

கோ கதையை எழுதியபின் என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். கன்வெர்ட்டர் வேண்டாம் என்று மொத்தமாகச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கடையில் வாங்கும் கன்வெர்ட்டர் வேண்டாம். நீங்களே எழுதும் கன்வெர்ட்டர் நல்லது.

ஏனென்றால் ஃபாக்ஸ்புரோ முழுவதும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஒரு ஆள் ஃபாக்ஸ்புரோவை எப்படி எழுதினார் என்று தெரிந்தால் போதும். அறிக்கை புரோகிராம்களைத் திறந்து பாருங்கள். ஒரே அச்சு: டேபிளைத் திற, வரிசை போடு, ஸ்கேன், தலைப்பு, வரி எண்ணைக் கூட்டு, ஐம்பத்தைந்து தாண்டினால் பக்கம் தள்ளு. முதல் அறிக்கையை எழுதிவிட்டு மிச்சத்தைக் காப்பி எடுத்துப் புலப்பெயரை மாற்றியிருப்பார். ஒரு அறிக்கையைக் கையால் மாற்றுங்கள், அந்த அச்சைப் பிடித்துச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மற்றவற்றை ஓட்டுங்கள். பில் போடும் திரையைக் கையால்தான் செய்ய வேண்டும்.

வருவது பைத்தான் சட்டை போட்ட ஃபாக்ஸ்புரோவாக இருக்கும். கோபால் என்ற பழைய கணினி மொழியில் எழுதியதைத் தானாக ஜாவாவாக்கினால் வருவதற்கு ஜோபால் என்றே கேலிப்பெயர் இருக்கிறது. இருக்கட்டும். கேலி செய்பவர்கள் யாரும் பில் போடப் போவதில்லை.

ஏப்ரல் 6

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் நம்மவர்கள் எல்லோருக்கும் இது வரும்.

பேரேட்டில் பெயர்கள் தமிழில் இருந்தால் அவை யூனிகோடு இல்லை. நான் பார்த்த கோப்பில் பாமினி எழுத்துரு. திரையில் அம்மா, கோப்பில் ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். மாற்றித்தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன, அது பெரிய காரியமில்லை. வரிசைதான் காரியம்.

பாமினியில் ஒற்றைக்கொம்பு ஒரு தனி விசை, எழுத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும், கோப்பிலும் முன்னால்தான் உட்காரும். பைட் வரிசையில் அடுக்கினால் கொம்பில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கொத்தாகச் சேரும். அந்தக் கொத்துக்குள் க, ப, த, ச என்ற வரிசை, ஏனென்றால் அந்த ஆங்கில விசைகளின் வரிசை அப்படி. ஆகவே பேரேட்டில் கொளஞ்சி, பெருமாள், தெய்வானை, செல்வி அடுத்தடுத்து. சேகர் அங்கே இல்லை. இரட்டைக்கொம்பு பெரிய எழுத்து, பல பக்கம் முன்னாலேயே போய்விட்டார்.

யூனிகோடுக்கு மாற்றி அடுக்கிய பட்டியலைப் பெருமையாகக் கொடுத்தேன். "தம்பி, செல்வி கணக்கைக் காணோமே" என்றார் கணக்குப்பிள்ளை. செல்வி சகரத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார். ஆனால் அவர் கை பெருமாளுக்கு இரண்டு வரி கீழேதான் போகும். பழைய பைட் சரத்தை ஒரு தனிப் புலமாக வைத்து, அதைக்கொண்டு அடுக்கும் வசதியைக் கொடுத்ததும் அமைதி.

பைத்தானின் சாதாரண சார்ட்டும் தமிழ் அகராதி வரிசை தராது. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. புள்ளி வைத்த எழுத்து, உயிர்மெய்க்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் சுற்றில்.

மே 11

ஏஐ பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி.

படித்துச் சொல்ல அருமை. ஒற்றையெழுத்து மாறிகளால் எழுதிய இருநூறு வரி புரோகிராமைக் கொடுத்தால், இது தவணை வட்டி போடுகிறது என்று சொல்லிவிடுகிறது. மாற்றச் சொன்னால்தான் சங்கடம். ரவுண்டுக்கு ரவுண்ட், சமக்குறிக்கு இரட்டைச் சமக்குறி. ஜனவரியில் எழுதியவை எல்லாம் ஒன்றுவிடாமல். கூடவே, தப்பாகத் தெரியும் இடத்தைக் கேட்காமலேயே திருத்திவிடுகிறது. கன்வெர்ட்டர் தந்த பைத்தான் அசிங்கமாக இருப்பதால் சந்தேகப்பட்டுப் படிப்போம். இது அழகாக எழுதுவதால் படிக்காமல் விடுவோம்.

2020-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் டிரான்ஸ்கோடர் என்று சிபிளஸ்பிளஸ், ஜாவா, பைத்தான் மூன்றுக்கும் இடையே மாற்றும் மாடல் வெளியிட்டார்கள். அதைச் சோதிக்க வந்த சோர்ஸ் எதிர்பார்த்த சோர்ஸ் போலிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இரண்டுக்கும் ஒரே உள்ளீடு கொடுத்து ஒரே வெளியீடு வருகிறதா என்று ஓட்டிப் பார்த்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஏஐ எழுதினால் என்ன, கையால் எழுதினால் என்ன.

ஜூன் 8

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, எப்படி ஒப்பிடுவது?

பழைய அறிக்கைகள் டாட் மேட்ரிக்ஸுக்காக எழுதியவை. வரம். பிரிண்டருக்குப் பதிலாகக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் வெறும் டெக்ஸ்ட் வரும். சிறிய எழுத்துக்கு மாற்றும் கட்டுப்பாட்டுக் குறிகள் நடுவில் கிடக்கும், அவற்றையும் அச்சடித்த தேதியையும் நீக்கிவிட்டு டிஃப் (இரண்டு கோப்பின் வித்தியாசத்தைக் காட்டும் கருவி) போடுங்கள். மனிதர் கண்ணால் பார்த்து ஒப்பிடுவது வேண்டாம். மூன்றாம் பக்கத்துக்கு மேல் எல்லாம் சரியாகவே தெரியும்.

இன்றைய பில்களோடு நிறுத்தாதீர்கள். போன வருஷத்துக் கோப்பு முழுவதையும் இரண்டிலும் ஓட்டுங்கள். 2017 ஜூலைக்கு முந்தைய கோப்பு இருந்தால் அதையும். வாட் காலத்துக் கணக்கு இன்னும் உள்ளே ஒரு மூலையில் இருக்கும், பழைய பில்லைத் திரும்ப அச்சடிக்கும்போது வெளியே வரும்.

ஜூன் 9

ஒன்று விட்டுப்போனது. மார்ச் 31 முடிவு புரோகிராம். நிலுவைகளை அடுத்த வருஷத்துக்கு முன்கொண்டுபோவது. ஜூனில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் இது ஓடவே ஓடாது, அடுத்த ஏப்ரலில்தான் தெரியும். அப்போது பழைய மெஷின் இருக்குமோ என்னவோ. இப்போதே போன வருஷத்து நகலில் ஓட்டி ஒப்பிட்டுவிடுங்கள்.

நகலில் மட்டும். அதற்குள்ளே எங்காவது ஜாப் கட்டளை இருக்கும். டேபிளை மொத்தமாகக் காலி செய்யும், ரீகால் கிடையாது. "நிச்சயமா?" என்று கேட்க வேண்டியது செட் சேஃப்டி. அதை இந்த மாதிரிப் புரோகிராம்களின் முதல் வரியிலேயே ஆஃப் செய்து வைத்திருப்பார்கள்.